தனுஷ்கோடியும் சப்பிரகமுவத் தோட்ட மக்களும்: ஒருநாட் பயணத்தின் வழிப்பட்ட சில வரலாற்றுக் குறிப்புகள்

1

துறைமுகப் பட்டினங்களின் வரலாறு பெரும்பாலும் வணிகரின் வரலாறாகவோ, படையெடுத்து வந்தோரின் வரலாறாகவோ, தலயாத்திரிகரின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. உழைப்புச் சக்தியைத் தவிர வேறெவ்வித உடைமையுமின்றி அத்துறைமுகங்களினூடாகக் கடல் கடந்த மக்களின் வரலாற்றில் அவை பெறும் இடம் யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்த தனுஷ்கோடி அவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான ஓரிடமாகும். ஏனெனில், ஐம்பது ஆண்டுகளாக இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே மனித உழைப்பை ஏற்றி இறக்கிய வாயிலாக அது விளங்கியது.

நூலகப் பணியின் பொருட்டு மதுரையில் தங்கியிருந்த வேளையில் ஒரு நாளை ஒதுக்கி அங்குச் சென்றுவந்தோம். கட்டுநாயக்காவில் விமானம் ஏறி மதுரையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் இராமேசுவரம் சென்று, பின்னர் வாடகை வாகனத்தில் தனுஷ்கோடியை அடைந்தோம். தலைமன்னாரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஒரு கரையைக் காண்பதற்கு இத்துணைச் சுற்றுவழி வேண்டியதாயிற்று. எமது முன்னோர் ஒரு முற்பகலில் கடந்த கடல் இது என்பதை எண்ணும்போது, போக்குவரத்து வசதி என்பது எப்போதும் முன்னோக்கியே செல்வதில்லை என்பது புலனாகும்.

அரிச்சல்முனை வரை செல்லும் வீதி 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வீதியின் இரு மருங்கிலும் கடல். மணற்பரப்பின் நடுவே கூரையிழந்த தேவாலயமும், புகையிரத நிலையத்தின் எஞ்சிய சுவர்களும், நீர்த்தாங்கியின் தூண்களும் நிற்கின்றன. அவற்றின் அருகே கீற்றுக் கொட்டகைகளில் சங்கும் சிப்பி மாலையும் விற்கப்படுகின்றன. மீனவர் குடும்பங்கள் சில குடிசைகளில் வாழ்கின்றன. எம்மை அழைத்துச் சென்ற வாகன ஓட்டி இரு கதைகளைச் சொன்னார்: ஒன்று இராமர் வில்லூன்றிய கதை, மற்றையது 1964ஆம் ஆண்டுப் புயலில் புகையிரதம் மூழ்கிய கதை. இங்கிருந்து இலங்கைக்குச் சென்றோர் யாவர் எனக் கேட்டபோது, "அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆளுங்கதான் சார் கப்பல்ல போவாங்க" என்றார். அவர் அறிந்தே பொய்யுரைத்தார் எனக் கொள்ளல் தகாது. அவ்விடத்தின் நினைவிலிருந்து ஒரு வர்க்கம் எவ்வளவு முழுமையாக நீக்கப்பட்டுள்ளது என்பதனையே அவரது விடை காட்டுகின்றது.

2

கோடி என்னும் பெயர் பழைமையானது. அகநானூற்றின் எழுபதாம் பாடல் பாண்டியருக்குரிய தொன்மையான கோடியைக் குறிப்பிட்டு, அங்கு ஆலமரத்தின் கீழ் இராமன் மறை ஆராய்ந்த வேளையில் பறவைகளின் ஒலி அடங்கியதனை உவமையாக எடுத்துரைக்கின்றது. அக்கோடி தனுஷ்கோடியே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஊரார் பேசிய அலர் அடங்கியமைக்கு அவ்வுவமை கூறப்பட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய இலக்கியத் தடமும், அதன்மேற் கட்டப்பட்ட சமய நம்பிக்கையும் இவ்வூரின் பெயரை நிலைநிறுத்தின. ஆனால் தனுஷ்கோடி ஒரு பட்டினமாக உருப்பெற்றமைக்கு இவையிரண்டும் காரணங்களல்ல. அதனைப் பட்டினமாக்கியது புகையிரதமும் பெருந்தோட்டமுமேயாகும்.

1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் மதவாச்சி–தலைமன்னார் இருப்புப்பாதையும் பயன்பாட்டுக்கு வந்தது. தென்னிந்திய இரயில்வேக் கம்பனியின் நீராவிக் கப்பல்கள் இரு முனைகளையும் இணைத்தன. முதற் கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என இந்தியாவின் அரசப் பிரதிநிதிகளது பெயர்கள் இடப்பட்டிருந்தன. 'போட் மெயில்' என வழங்கிய இச்சேவையில் வழக்கறிஞரும் வணிகரும் அரசியற் தலைவர்களும் பயணம் செய்தனர் என்பது உண்மையே. ஆயினும் தொழிலாளரின் ஒழுங்கான வரவு என்னும் தேவையின்றி, இத்தகைய பாலமும் பாதையும் கப்பலும் ஒரே காலத்தில் இருநாட்டுக் கரைகளிலும் எழுந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

இதற்கு முற்பட்ட நிலையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கோப்பிக் காலத்தில் தொழிலாளர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். இருபதாம் நூற்றாண்டில் இம்முறை மாறியது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே ஒரு முகாமை நடத்தியது. கங்காணி அழைத்துவந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அங்குச் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, நோயற்றோர் என உறுதிசெய்யப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். இன்ன தோட்டத்திற்குரியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரச் சீட்டு அவர்களிடம் இருந்தது. பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, ஈற்றில் தொழிலாளியின் கடனாக மாறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல விரும்பியவர் தமது கடனின் தொகை குறித்த 'துண்டு' ஒன்றினைப் பெற்றே செல்ல வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்விடத்து ஒரு சொல்லின் வரலாறு நோக்கற்பாலது. பிற்காலத்தில் இம்மக்களை இழித்துரைப்பதற்குக் 'கள்ளத்தோணி' என்னுஞ் சொல் பயன்படுத்தப்பட்டது. அரசாங்கம் நடத்திய முகாமில் தங்கி, அரசாங்கம் அங்கீகரித்த சீட்டினைத் தாங்கி, அரசப் பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய கப்பல்களில் ஏறி வந்தோரின் பிள்ளைகளுக்கே இப்பெயர் சூட்டப்பட்டது. சொல்லொன்று வரலாற்றை எவ்வாறு தலைகீழாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

3

மலையகம் என்றவுடன் நுவரெலியாவும் அற்றனும் பதுளையும் நினைவுக்கு வருவது இயல்பாகிவிட்டது. எமது இலக்கியமும் இதற்கு விலக்கன்று. புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி' தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்டது. போட் மெயில் தொடங்கிய அதே 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகள் தேயிலை மலையிலிருந்தே எழுந்தன. என். எஸ். எம். இராமையாவின் சிறுகதைத் தொகுதி 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் தலைப்பினைப் பெற்றது. இவற்றின் சிறப்பை எவரும் மறுக்கமாட்டார். எனினும் கூடையும் கொழுந்துமே மலையகத்தின் முழுமையான குறியீடுகளாகக் கொள்ளப்பட்டமையால், பால் வெட்டும் கத்தியும் சிரட்டையும் ஒட்டுப்பாலும் எமது இலக்கிய நினைவில் மிகச் சிறிய இடத்தையே பெற்றுள்ளன.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் 1889இல் உருவாக்கப்பட்டது. 1876இல் கெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உலகச் சந்தையில் விலை உயர்ந்தபோது களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவின. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்காவையும் எட்டியது. ஆகவே, சப்பிரகமுவத் தோட்டங்களின் பெருக்கமும் தனுஷ்கோடித் துறைமுகத்தின் எழுச்சியும் சமகாலத்தவை. கேகாலைக்குச் செல்வோர் பொல்காவலையிலோ இரம்புக்கனையிலோ இறங்கினர். இரத்தினபுரிக்குச் செல்வோர் கொழும்பு வந்து, அங்கிருந்து சிறு வண்டியில் ஏறினர். எமது மக்களிற் கணிசமானோரின் பூர்வீகப் பயணம் காட்டுவழி நடைப்பயணமன்று. அது முகாமும் சீட்டும் இருப்புப்பாதையும் கொண்ட, நன்கு திட்டமிடப்பட்ட ஒரு போக்குவரத்து. 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. கோப்பிக் காலத்துத் துயரை நினைவுகூர்வதற்கு அது முற்றிலும் தகுந்த வழியே. ஆனால் அவ்வழியில் சப்பிரகமுவ இல்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இறப்பர்ப் பொருளாதாரம் இம்மக்களின் சமூக வாழ்வையும் வேறுவிதமாக வடிவமைத்தது. தேயிலையைப்போல் ஏக்கருக்கு அதிக தொழிலாளர் இறப்பருக்குத் தேவைப்படுவதில்லை. எனவே லயங்கள் சிறியனவாகவும் ஒன்றுக்கொன்று தொலைவாகவும், சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறியும் அமைந்தன. மேட்டுநிலத்தில் உருவானது போன்ற செறிந்த தமிழ்த் தொழிலாளர் பிரதேசம் இங்கு உருவாகவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற தொகுதிகளில் ஒன்றேனும் சப்பிரகமுவவில் இல்லாமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

விலையின் ஏற்ற இறக்கமே துறைமுகத்தின் போக்கையும் தீர்மானித்தது. விலை உயர்ந்தபோது கப்பல்கள் தெற்கு நோக்கி நிறைந்து வந்தன. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர் விலை வீழ்ந்து பால் வெட்டு நிறுத்தப்பட்டபோது, அதே கப்பல்கள் அதே மக்களைத் திரும்ப ஏற்றிச் சென்றன. 1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்கான தொழிலாளர் வெளியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இந்நிலை நீடித்தது. ஒப்பந்தங்கள் தோன்றுவதற்கு முன்னரே, வேண்டியபோது அழைத்தலும் வேண்டாதபோது அனுப்புதலும் முதலாளித்துவப் பெருந்தோட்ட முறையின் இயல்பாகிவிட்டிருந்தன.

4

சப்பிரகமுவவின் அரசியல் வரலாற்றில் இடதுசாரி இயக்கத்திற்குத் தனியிடம் உண்டு. 1934–35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைப் பகுதியில் இடதுசாரிகள் ஆற்றிய நிவாரணப் பணி மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. 1936இல் கலாநிதி என். எம். பெரேரா உருவன்வெலைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பின்னர் 1947 முதல் முப்பது ஆண்டுகள் பாராளுமன்றத்தில் மக்கள் பிரதிநிதியாக விளங்கினார். தோட்டத் தொழிலாளரின் வாக்கும் கிராமத்து ஏழை விவசாயியின் வாக்கும் ஒரே சின்னத்திற்கு விழுந்த அரிய களங்களுள் இதுவும் ஒன்று. 1946இல், மக்கள் வழக்கில் உருளவள்ளி எனப்பட்ட நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விரிவாக்கத்திற்கெனச் சுவீகரிக்கப்பட்டு, தொழிலாளர் வெளியேற்றப்பட முனைந்தபோது எழுந்த போராட்டம் கேகாலை மாவட்டத்தின் எல்லையைக் கடந்து எதிரொலித்தது. நிலமற்ற சிங்கள விவசாயியையும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தும் உபாயம் அன்றே ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டின் சட்டங்கள் வாக்குரிமையையும் பறித்தன. இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் இதனை எதிர்த்து நின்றன என்பது பெருமைக்குரிய செய்தி. 1952இல் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கையினால் நாடு முழுவதும் அரிசி உண்டது. அந்த இறப்பரில் ஒரு பகுதியைச் சப்பிரகமுவவில் வெட்டித் தந்த கைகளுக்கு வாக்குச் சீட்டு இருக்கவில்லை.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அந்த அரசாங்கத்தின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா புதுடில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். நாடற்றோர் எனக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் பேசப்படுமென ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பேசப்பட்டோரிடம் எவரும் பேசவில்லை. 1947இல் அவருக்கு வாக்களித்த தோட்டத் தொழிலாளரின் குடும்பங்கள், அவர் அமைச்சராயிருந்த அரசாங்கத்தின் கையொப்பத்தினாலேயே எண்ணிக்கைகளாயின. மார்க்சிய நோக்கில் வரலாறு எழுத முற்படும் நாம் இதனை மென்று விழுங்குதல் ஆகாது. எதிரியின் குற்றங்களைப் பட்டியலிடும்போது காட்டும் துல்லியத்தை எமது இயக்கத்தின் தவறுகளைக் கூறும்போதும் காட்டுதல் வேண்டும். பாராளுமன்றப் பாதையில் இணைந்த இடதுசாரித் தலைமைக்கு, வாக்கற்ற தொழிலாளி தோழனாக இருந்த நிலை மாறிச் சுமையாகத் தோன்றத் தொடங்கினான் என்பதே கசப்பான உண்மை.

5

ஒப்பந்தம் கைச்சாத்தாகி எட்டு வாரங்கள் நிறைவதற்கு முன்னர், 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு, தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. இலங்கையின் வடபகுதியையும் அது விட்டுவைக்கவில்லை. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் மூழ்கியது. துறைமுகம், இருப்புப்பாதை, குடியிருப்புகள் யாவும் அழிந்தன. அரசாங்கம் அவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்தது. கப்பற்சேவை பின்னர் இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே நடைபெற்றது.

எமது மக்கள் வந்த வாயில், அவர்களைத் திருப்பி அனுப்ப முடிவெடுத்த அதே பருவத்தில் கடலுள் மறைந்தது. அவ்விடிபாடுகளின் நடுவே நின்றபோது இப்பொருத்தம் எமது உள்ளத்தையும் ஈர்த்தது என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். புயலையும் ஒப்பந்தத்தையும் ஒரே ஊழின் இரு கரங்களாகக் காணும் ஒரு கவிதையை எழுதுதல் எவர்க்கும் எளிது. ஆனால் அவ்வாறு எழுதுதல் பிழையாகும். புயலுக்குக் கையொப்பமிட்டோர் எவருமில்லை. ஒப்பந்தத்திற்கு இரு பிரதமர்கள் கையொப்பமிட்டனர். அதனை நிறைவேற்ற 1967இல் சட்டம் இயற்றப்பட்டது. விண்ணப்பப் படிவங்களும் பதிவேடுகளும் திகதிகளும் இருந்தன. அரசியற் தீர்மானத்தை இயற்கையின் சீற்றமாகவும், வர்க்க நலனை விதியாகவும் உருமாற்றிக் காட்டுவதே கருத்துநிலையின் தொழில். துயரத்தைப் பாடும் இலக்கியம் தன்னையறியாமலே அதற்குத் துணைபோகும் அபாயம் உண்டு. எம் மக்களின் வாய்மொழிப் பாடல்கள் இவ்விடயத்தில் கற்றோரினும் தெளிவுடையன. அவற்றில் கங்காணியும் கணக்குப்பிள்ளையும் துரையும் பெயர் சுட்டிக் குற்றஞ்சாட்டப்படுகின்றனர். விதி அரிதாகவே தனித்துக் குற்றவாளியாகின்றது.

6

திரும்பிச் சென்றோரின் வரலாறும் இத்துறைமுகத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே. உடன்படிக்கைகளின் கீழ் 3,30,000க்கு மேற்பட்டோர் இந்தியா சென்றனர். 1973–74ஆம் ஆண்டு உணவுப் பஞ்சமும், 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களும் இதனை விரைவுபடுத்தின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, சிதறி வாழ்தல் என்பதன் பொருளை இம்மக்கள் தீயின் வெளிச்சத்தில் உணர்ந்தனர். 1972, 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைக் கம்பனிகளிடமிருந்து மீட்டன. ஆனால் தொழிலாளியை அம்மண்ணின் உரிமையாளனாக்கவில்லை.

மண்டபத்தில் இறங்கியோர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கேரளத்தின் புனலூருக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். புனலூரிலும் சுள்ளியாவிலும் அவர்களுக்கெனத் திறக்கப்பட்டவை இறப்பர்த் தோட்டங்களே. 'தாயகம் திரும்புதல்' என்னுஞ் சொல் தாங்கிய பொருள் இவ்வளவே: ஒரு நாட்டின் லயத்திலிருந்து மற்றொரு நாட்டின் லயத்திற்கு, மொழி வேறான ஓர் அயலுக்கு, அதே கத்தியுடன் செல்லுதல். 1980களின் நடுப்பகுதியில் கப்பற்சேவை நின்றது. மண்டபம் முகாமோ ஏதிலியர் முகாமாகி இன்றுவரை நிலைக்கின்றது. தொழிலாளர், தாயகம் திரும்பியோர், ஏதிலியர் எனப் பெயர்கள் மாறினும், அவ்வேலிக்குள் நின்றோரின் வர்க்கம் மாறவில்லை.

தனிப்பட்ட செய்தியொன்றை இங்குக் குறிப்பிடுதல் தவறாகாது. எமது தாய்வழிப் பாட்டியார் கைக்குழந்தையாகத் தனுஷ்கோடியில் கப்பலேற்றப்பட்டவர். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டினார். அவரது தமையனார் 1970களில் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றுச் சென்றார். பாட்டியாரின் குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, பல ஆண்டுகள் முடிவின்றிக் காத்திருந்தது. நாடற்ற நிலைக்குச் சட்டமூலம் முடிவு காணப்பட்டது 2003ஆம் ஆண்டிலேயாகும். தமையனார் சுள்ளியாவிலிருந்து மூன்று கடிதங்கள் அனுப்பினார். பின்னர் கடிதம் வரவில்லை. புறப்படுமுன் பாட்டியாரிடம், அங்கிருந்து என்ன கொண்டுவர வேண்டும் எனக் கேட்டோம். "ஒண்ணும் வேணாம், தம்பி. அந்தக் கரையில நின்னா இந்தக் கரை தெரியுமான்னு மட்டும் பார்த்துட்டு வா" என்றார்.

அரிச்சல்முனையில் நின்று பார்த்தோம். கரை தெரியவில்லை. நீரும், வெண்மணற் திட்டொன்றும், அதன்மேற் பறவைகளும் மட்டுமே தெரிந்தன. மாலையானதும் காவலர் விசில் ஊதி யாவரையும் வெளியேறச் சொன்னார்கள். அங்கு இரவு தங்குதற்கு அனுமதியில்லை.

7

இக்கட்டுரை சில முடிவுகளையும் ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கின்றது. சப்பிரகமுவத் தோட்ட மக்களின் வரலாறு மேட்டுநில வரலாற்றின் சிறியதொரு கிளையன்று. இறப்பர் என்னும் பண்டத்தின் தன்மை, சிதறிய குடியிருப்பு, இடதுசாரி அரசியலுடனான நெருக்கமும் அது தந்த ஏமாற்றமும் ஆகியன அதற்குத் தனித்துவம் அளிக்கின்றன. தமிழ்ப் பாடசாலை எட்டாத தோட்டங்களில் பிள்ளைகள் சிங்கள மொழிமூலம் கற்கின்றனர். பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் பாடல் புரியாத நிலை தோன்றியுள்ளது. இதனைப் பண்பாட்டு வீழ்ச்சியெனப் புலம்புதல் பயனற்றது. சிங்களத் தொழிலாளியோடு ஒரே மொழியிற் பேசும் வாய்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. ஆனால் அவ்வாறு பேசப்போகும் தலைமுறை தனது வரலாற்றை அறியாது பேசுதல் கூடாது.

கப்பலேறிய காலத்தை நேரில் அறிந்தோர் இன்று மிகச் சிலரே. கடவுச்சீட்டுகள், பிரஜாவுரிமை விண்ணப்பங்களின் பிரதிகள், அரிசிக் கூப்பன்கள், தோட்டப் பேரேடுகள், சுள்ளியாவிலிருந்தும் புனலூரிலிருந்தும் வந்த கடிதங்கள் யாவும் லயக் காம்பிராக்களின் தகரப் பெட்டிகளிற் கிடந்து மக்குகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மாணவர், விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு பெட்டியையேனும் திறந்து, அதிலுள்ளவற்றைப் படியெடுத்து, பெட்டிக்குரியவரின் சொற்களிலேயே அவரது கதையை எழுதிவருவார்களாயின், தனுஷ்கோடியில் எமக்குக் கிடைத்த விடையினும் செம்மையான விடையை அடுத்து அங்குச் செல்வோர் கூற இயலும். நாம் எமது பாட்டியாரின் பெட்டியிலிருந்து தொடங்கியுள்ளோம். மூன்று கடிதங்களும் அதிலே இருந்தன.